விழுந்த பிறகு முதலில் எழ வேண்டியது எது?



2012 ஜூலை 31, செவ்வாய்க்கிழமை, பகல் ஒரு மணி. வட இந்தியா, கிழக்கு இந்தியா, வடகிழக்கு மாநிலங்கள் என மூன்று மண்டலங்களின் மின்தொகுப்பும் சில நொடிகளில் அணைந்துபோனது. சுமார் 62 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு அது. முதல் நாள் அதிகாலை இரண்டரை மணிக்கு வட மண்டலம் ஒரு முறை விழுந்து, எழுந்து, ஒன்றரை நாளுக்குள் மறுபடியும் விழுந்தது. தில்லி மெட்ரோ சுரங்கத்துக்குள் நின்றது. நூற்றுக்கணக்கான ரயில்கள் நடுவழியில் நின்றன. மேற்கு வங்கத்தில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் இருந்த தொழிலாளர்கள் மேலே வர லிஃப்ட் ஓடாமல் பூமிக்கடியில் காத்திருந்தார்கள்.

இவ்வளவுக்கும் புயல் இல்லை, வெள்ளம் இல்லை, நிலநடுக்கம் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் பீனா, குவாலியர் ஆகிய ஊர்களுக்கு இடையே ஓடும் 400 கிலோவோல்ட் பாதை ஒன்று அளவுக்கு மீறிச் சுமை ஏற்றப்பட்டிருந்தது. அதைக் காவல் காக்கும் ரிலே, அந்தச் சுமையையே பழுது என்று எடுத்துக்கொண்டு பாதையைத் துண்டித்தது. அந்தச் சுமை பக்கத்துப் பாதைகள்மேல் போய் விழுந்தது; அவையும் ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டித்துக்கொண்டன. கம்பி எதுவும் அறுந்து விழவில்லை. இதை விசாரித்த குழு சொன்ன இன்னொரு செய்திதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அதிர்வெண் சரியும்போது தானாகவே சில பகுதிகளின் இணைப்பை வெட்டி மற்றவற்றைக் காப்பாற்ற வேண்டிய கருவிகள் மாநிலங்களில் பொருத்தப்பட்டிருந்தன. தேவைப்பட்ட நேரத்தில் அவை போதிய அளவுக்கு வேலை செய்யவில்லை. ஏற்பாடு ஏட்டளவில் முழுமையாக இருந்தது.

தெற்கு அன்று ஏன் தப்பியது? அன்றாட மின்வெட்டில் நாம் தவித்துக்கொண்டிருந்த ஆண்டு அது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நாளில் தென் மண்டலம் மற்ற மண்டலங்களோடு ஒரே அதிர்வெண்ணில் பிணைக்கப்படவில்லை. தல்சேர்–கோலார் போன்ற நேர்மின் (டி.சி.) பாதைகள் வழியாகத்தான் நமக்கு வடக்கிலிருந்து மின்சாரம் வந்தது. நேர்மின் பாதை மின்சாரத்தைக் கடத்தும். ஒரு பக்கத்து நடுக்கத்தை மறுபக்கத்துக்குக் கடத்தாது. அதனால் நமக்கு வரவு குறைந்தது, அவ்வளவுதான், நாம் விழவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தெற்கும் தேசிய மின்தொகுப்பில் சேர்ந்தது. சேர்ந்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பற்றாக்குறையான நாளில் மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் மின்சாரம் பெற முடிகிறது. ஆனால் சேர்ந்தவன் தேவையான நேரத்தில் விலகிக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். 2012இல் நரோரா அணுமின் நிலையத்தைச் சுற்றிய பகுதியும் தில்லியில் பதர்பூர் பகுதியும் அப்படித் தனித்தீவாக ஒதுங்கி விளக்கெரித்தன. அந்தச் சின்னத் தீவுகள் பிறகு பெரிய இருட்டை எழுப்ப உதவும் கொள்ளிகள்.

எழுப்புவது என்றேன். அணைந்த மின்தொகுப்பை எப்படி எழுப்புகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இன்று நான் பேச வந்ததன் வேர் அதில்தான் இருக்கிறது.

அனல்மின் நிலையம் தானாக எழாது. நிலக்கரியை மேலே கொண்டுபோகும் பெல்ட், அதை மாவாக அரைக்கும் ஆலை, கொதிகலனுக்குள் காற்றை ஊதும் விசிறி, நீரை அழுத்தித் தள்ளும் பம்பு என எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். நிலையம் உற்பத்தி செய்வதில் நூற்றுக்கு ஆறு முதல் எட்டு பங்கு வரை அதன் சொந்த வயிற்றுக்கே போகிறது. மின்சாரம் செய்ய மின்சாரம் வேண்டும். இருட்டில் அது எங்கிருந்து வரும்? நீர்மின் நிலையத்திலிருந்து வரும். அணையில் தண்ணீர் காத்திருக்கிறது. ஒரு சிறிய டீசல் ஜெனரேட்டரை ஓட்டி மதகைத் திறந்து, மின்னாக்கியின் காந்தத்துக்கு முதல் உயிரைக் கொடுத்தால் போதும், சில நிமிடங்களில் சக்கரம் சுழலும். அங்கிருந்து ஒரே ஒரு பாதையை மட்டும் உயிரூட்டிப் பக்கத்து அனல்மின் நிலையம்வரை கொண்டுபோவார்கள்.

வழியில் ஊர்கள் இருக்கின்றன. எல்லாருக்கும் விளக்கு வேண்டும். ஆனால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் அளந்து அளந்துதான் கொடுப்பார். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் அந்தச் சின்ன நிலையம் மூச்சுத் திணறி மறுபடியும் அணையும். கொஞ்சம்கூடக் கொடுக்காவிட்டால் நீண்ட பாதையில் வோல்ட்டேஜ் ஏறிக் கருவிகள் கெடும். தேர் இழுப்பதைப் பாருங்கள்: வடம் பிடிப்பவர்களின் இழுவையும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவரின் கணக்கும் ஒத்துப்போனால்தான் தேர் வீதியில் நகரும், பாதிப் பேர் திடீரென்று வடத்தை விட்டால் மீதிப் பேர் தடுமாறுவார்கள். மின்தொகுப்பில் அந்த ஒத்திசைவின் அளவுதான் 50 ஹெர்ட்ஸ் என்பது. அதைக் கையில் பிடித்தபடி, முதலில் எந்த நிலையத்துக்கு, பிறகு எந்த ரயில் பாதைக்கு, எந்த மருத்துவமனைக்கு, எந்தச் சுரங்கத்துக்கு என்று ஒவ்வொன்றாகத் திறக்கிறார்கள். 2012இல் மேற்கு மண்டலம் விழாமல் இருந்ததால் அங்கிருந்தும் உயிர் வாங்க முடிந்தது. இரண்டாவது முறை விழுந்த அன்றே இரவுக்குள் பெரும்பகுதி எழுந்துவிட்டது. அந்த வேகத்துக்குக் காரணம், எதன்பின் எது என்ற வரிசை முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்ததுதான்.

இந்த வரிசையைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். எதுவும் விழாதபடி கட்ட முடியும் என்று எந்தப் பொறியாளரும் நேர்மையாகச் சொல்ல மாட்டார். விழுந்த பிறகு எது முதலில் எழ வேண்டும், அது எழ இன்னும் எது எழுந்தாக வேண்டும், இதை யார் எப்போது முடிவு செய்தார்கள் என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். உயர்மின் கோபுரங்களின் உலகத்தில் இவற்றுக்கு விடை இருக்கிறது. கீழே இறங்கி, வயலுக்குள்ளும் தெருவுக்குள்ளும் வந்தால் பல இடங்களில் இல்லை.

கஜா புயலுக்கு வருகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அந்த எண்ணிக்கையை அப்படியே கேட்டுக் கடந்துவிடாமல், ஒரே ஒரு கம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மீட்டர் கான்கிரீட் கம்பம் என்றால் ஒன்றரை மீட்டர் மண்ணுக்குள் இறங்க வேண்டும். நவம்பர் மாதம், டெல்டா, வயலெல்லாம் சம்பா. சேற்றுக்குள் லாரி போகாது, கிரேன் போகாது. வரப்பின் மேல் பத்துப் பன்னிரண்டு பேர் தோள் கொடுத்துத்தான் கம்பத்தைத் தூக்கிப் போக வேண்டும். குழி தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறும். வழியெங்கும் தென்னை விழுந்து கிடக்கும். முதலில் அதை அறுத்து அகற்ற வேண்டும். கம்பம் நட்டு, கிராஸ் ஆர்ம் மாட்டி, இன்சுலேட்டர் வைத்து, கம்பி இழுத்துக் கட்டினால் ஒரு கம்பம் முடிந்தது. அடுத்தது ஐம்பது மீட்டருக்கு அப்பால்.

இந்த வேலையைச் செய்தவர்கள் யார்? நம் மின்வாரிய லைன்மேன்கள், ஒயர்மேன்கள், பெயரே பதிவாகாத ஒப்பந்தத் தொழிலாளர்கள். கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஊழியர்கள் வந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கி எழுந்திருந்தது. மூன்றே மாதத்தில் அவர்கள் இங்கே வந்து நம் கம்பங்களில் ஏறினார்கள். அந்த நன்றியை நாம் போதுமான அளவு சத்தமாகச் சொல்லவில்லை.

அவர்கள் வேலை செய்த விதத்தில் ஒன்றை மட்டும் அருகிலிருந்து காட்டுகிறேன். லைன்மேன் கம்பத்தில் ஏறும் முன் ‘லைன் கிளியர்’ வாங்குவார். துணை மின்நிலையத்தில் இந்தப் பாதைக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது, நான் சொல்லும்வரை போடக்கூடாது என்று எழுத்தில் உறுதி. அதோடு அவர் ஏறிவிட மாட்டார். நீளமான கழியின் முனையில் கொக்கி வைத்த எர்த் ராடை எடுத்து, அதன் ஒயரைத் தரையில் பிணைத்துவிட்டு, கொக்கியை ஒவ்வொரு கம்பியிலும் மாட்டுவார். மேலே மின்சாரம் இல்லை என்று காகிதம் சொன்ன பிறகும் எதற்கு இது? ஊருக்குள் யாரோ வீட்டு ஜெனரேட்டரை மெயின் சுவிட்சை அணைக்காமல் இணைத்திருக்கலாம். அந்த மின்சாரம் பின்வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குள் நுழைந்தால், வீட்டுக்கு வரும்போது இறங்கிய வோல்ட்டேஜ் திரும்பிப் போகும்போது பதினோராயிரமாக ஏறும். ஒரு வீட்டின் மின்விசிறிக்காக ஓடும் ஜெனரேட்டர், அரை மைல் தள்ளிக் கம்பத்தில் இருப்பவரின் உயிரை எடுக்கும். கஜா மீட்புப் பணியில் உயிரிழந்த மின் ஊழியர்கள் உண்டு. அவர்களை நினைக்காமல் இந்தப் பேச்சை நான் தொடர முடியாது.

சரி, கம்பம் விழுந்தால் விளக்கு எரியாது. அது மட்டும்தானா? கிராமத்தில் மூன்றாம் நாள் பெரிய பிரச்சினை தண்ணீர். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி உயரமாக, உறுதியாக நிற்கிறது. புயல் அதை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அதை நிரப்பும் மோட்டாருக்கு மின்சாரம் இல்லை. டிராக்டரில் ஜெனரேட்டரைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், ஒரு தொட்டியை நிரப்பிவிட்டு அடுத்த ஊருக்கு ஓடினார்கள். செல்போன் கோபுரமும் பல இடங்களில் நின்றுகொண்டுதான் இருந்தது. அதன் பேட்டரி சில மணி நேரம் தாங்கியது, பிறகு டீசல் தீர்ந்தது. டீசல் கேட்டுச் சொல்ல வேண்டியவருக்குப் பேச சிக்னல் இல்லை. பெட்ரோல் பங்க்கில் நிலத்தடித் தொட்டி நிறைய டீசல் இருக்கும். அதை மேலே இறைக்கும் பம்புக்கு மின்சாரம் வேண்டும். இன்று இதோடு ரேஷன் கடையின் பில் மெஷினையும், கையில் காசே வைத்துக்கொள்ளாமல் போனில் பணம் செலுத்தும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துறையும் தன் கட்டடத்தைப் பார்த்து ‘நாங்கள் உறுதியாக இருக்கிறோம்’ என்று சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். அறுந்துபோவது ஒரு துறைக்கும் இன்னொரு துறைக்கும் நடுவில் இருக்கும் இழை. அந்த இழைக்கு அதிகாரி கிடையாது.

இது ஏழை ஊர்களுக்கு மட்டும் நேர்வது என்று யாரும் எண்ண வேண்டாம். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் கடுங்குளிரில் உறைந்தது. மின்நிலையங்களுக்கு எரிவாயு போதவில்லை. மின்தொகுப்பைக் காப்பாற்ற மின்வெட்டு செய்தார்கள். வெட்டப்பட்ட இணைப்புகளில் எரிவாயுவைக் குழாயில் தள்ளும் அழுத்த நிலையங்களும் இருந்தன. அவற்றில் பலவற்றை அத்தியாவசிய இணைப்பு என்று யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. மின்சாரம் போனதால் எரிவாயு நின்றது. எரிவாயு நின்றதால் மின்சாரம் மேலும் குறைந்தது. முழு மின்தொகுப்பும் விழுவதற்கு 4 நிமிடம் 37 நொடி தூரத்தில் தப்பியது. அரசுக் கணக்கின்படியே 246 பேர் இறந்தார்கள். ஒரு படிவம் நிரப்பப்பட்டிருந்தால் அவர்களில் சிலராவது பிழைத்திருப்பார்கள் என்பது என் கருத்து.

நம் சென்னைக்கே வருவோம். 2015 டிசம்பரின் முதல் இரண்டு நாட்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை மீறியது. விமான நிலையத்தின் ஓடுபாதையில் ஆறு ஓடியது. அரக்கோணத்துக் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகளை ஏற்றிச் சென்றார்கள். அச்சகத்துக்கு ஊழியர்கள் போக முடியாமல், 1878இல் தொடங்கிய ‘தி இந்து’ நாளிதழ் டிசம்பர் 2 அன்று வெளிவரவில்லை. இவையெல்லாம் பிறகு சரியாகின. சரியாகாதது ஒன்று உண்டு. ஆற்றங்கரையில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் தண்ணீர் புகுந்தது, மின்சாரம் போனது, ஜெனரேட்டரும் நீரில் மூழ்கியது. அந்த நாட்களில் அங்கே 18 நோயாளிகள் இறந்தார்கள். ஜெனரேட்டர் இருந்தது, இருந்த இடம்தான் கீழே. அது கனமானது, சத்தம் போடும், புகை விடும். அதனால் நாம் எல்லாரும் அதைத் தரைத்தளத்தில் ஒரு மூலையில் வைக்கிறோம். அதாவது, ஊரில் முதலில் தண்ணீர் வரும் இடத்தில் வைக்கிறோம்.

ஜப்பானின் ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று நடந்ததும் அடிப்படையில் இதே கதை. நிலநடுக்கத்தில் அணு உலைகள் தாமாக நின்றன. வெளியிலிருந்து வந்த மின்சாரம் அறுந்ததும் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. முக்கால் மணி நேரம் கழித்து வந்த ஆழிப்பேரலை, கட்டட அடித்தளங்களில் இருந்த அந்த ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. ஆறாவது உலைக்கு உரிய, கடல்நீரை நம்பாமல் காற்றால் குளிரும் ஒரே ஒரு ஜெனரேட்டர் உயரத்தில் இருந்ததால் தப்பி, ஐந்தாம் ஆறாம் உலைகளைக் காப்பாற்றியது. அந்தக் கரையிலேயே, நிலநடுக்க மையத்துக்கு இன்னும் அருகில் இருந்தது ஒனகாவா அணுமின் நிலையம். அதைத் திட்டமிடும்போது யானோசுகே ஹிராய் என்ற பொறியாளர், நிலையம் கடல்மட்டத்திலிருந்து 14.8 மீட்டர் உயரத்தில்தான் அமைய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 869ஆம் ஆண்டு அந்தக் கடற்கரையைத் தாக்கிய பேரலையை அவர் மறக்கவில்லை. செலவு அதிகம் என்றார்கள், அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஹிராய் 1986இல் காலமானார். 2011இல் ஒனகாவா நிலையம் பாதுகாப்பாக நின்றது. வீடிழந்த ஊர்மக்கள் அந்த நிலைய வளாகத்துக்குள்ளேயே தஞ்சம் புகுந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நம் கல்பாக்கத்திலும் பேரலை நீர் பம்பு அறைக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பணியில் இருந்தவர்கள் பாதுகாப்பாக நிறுத்தினார்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் உயர்த்திவிட்டால், கம்பியை எல்லாம் மண்ணுக்குள் புதைத்துவிட்டால் போதுமா என்று கேட்பீர்கள். கடலோர நகரங்களில் புதைவடம் போடுவதை நான் ஆதரிக்கிறேன். புயலுக்கு அது நல்ல மருந்து. ஆனால் புதைவடம் தெருவோரப் பில்லர் பாக்ஸில்தான் மேலே வருகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது சென்னைத் தெருக்களில் அந்தப் பெட்டிகளைச் சுற்றி நீர் தேங்கியது. மக்கள் மின்சாரம் தாக்கி இறந்துவிடக் கூடாது என்று வாரியமே இணைப்பை நிறுத்தியது. அது சரியான முடிவு. தண்ணீர் வடியும்வரை விளக்கு வராது என்பதும் அந்த முடிவின் விலை. பெட்டியை உயர்த்துவது மின்வாரியத்தின் வேலை, நீரை வடிப்பது மாநகராட்சியின் வேலை. இரண்டு துறையும் ஒரே மேசையில் உட்காராமல் ஒரு துறையின் திட்டம் மட்டும் வெற்றிபெறாது.

அதே மாதம் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணிக் கரையின் குடிநீர்த் திட்டங்களே சேதமாகி, வெள்ளத்துக்கு நடுவில் மக்கள் குடிதண்ணீருக்கு அலைந்தார்கள். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ரயிலை அங்கேயே நிறுத்தி வைத்த நிலைய ஊழியர்களின் முடிவு நூற்றுக்கணக்கான உயிர்களைக் காத்தது. சிக்கியவர்களுக்குப் பக்கத்துக் கிராம மக்கள் சமைத்துப் போட்டார்கள். ஹெலிகாப்டர் பிறகுதான் வந்தது.

இந்த மனிதர்களைக் கணக்கில் சேர்க்காமல் நாம் திட்டம் போடுகிறோம் என்பது என் பெரிய வருத்தம். லைன்மேன் பணியிடம் காலியாகக் கிடக்கும். அந்த வேலையை ஒப்பந்தத் தொழிலாளி செய்வார். எந்த வாய்க்காலின் ஓரத்தில் எந்தக் கம்பம் பலவீனமானது, எந்தத் தோப்புக்குள் எந்தக் கிளை கம்பியில் உரசும் என்பது அவர் மனசில் இருக்கிறது, வரைபடத்தில் இல்லை. அவர் வேறு வேலைக்குப் போனால் அந்த அறிவும் போய்விடும். புயல் கடந்த மறுநாள் வெளியூர்க் குழு வந்து இறங்கும்போது, வழிகாட்ட அந்த ஒருவர் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மின்சாரம் திரும்பி வரும் பாதை எப்போதும் மேலிருந்து கீழே: 110 கிலோவோல்ட், 33, 11, டிரான்ஸ்ஃபார்மர், பிறகு வீட்டுக் கம்பி. பொறியியல்படி அப்படித்தான் முடியும். அந்தக் கம்பியின் வால்முனையில் யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஊரை விட்டுத் தள்ளிய காலனி, தோப்புக்குள் இருக்கும் குடிசை, உப்பளத்தை ஒட்டிய குடியிருப்பு. கூரை முதலில் பறப்பதும் அவர்களுக்கு, விளக்கு கடைசியில் வருவதும் அவர்களுக்கு. கம்பி கடைசியில் போகட்டும், வேறு வழியில்லை. ஆனால் தண்ணீர் டிராக்டரும் ஜெனரேட்டரும் கம்பியின் வரிசையில் போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அவை வால்முனையிலிருந்து தொடங்கலாம், தொடங்க வேண்டும். இது பணத்தால் தீர்கிற விஷயமும் அல்ல. முன்கூட்டியே உட்கார்ந்து முடிவெடுத்தால் போதும்.

எங்கே உட்காருவது? அக்டோபர் 2 அன்று தமிழ்நாடு முழுக்கக் கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்க அப்போது இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒரு தாளை எழுதி எல்லார் முன்னும் வாசிக்கச் சொல்லுங்கள். எந்தத் தொட்டிக்கு எத்தனை குதிரைத்திறன் மோட்டார், அதை ஓட்டும் அளவுக்கு ஜெனரேட்டர் ஊரில் யாரிடம் இருக்கிறது, அதற்கு மூன்று நாளைக்கு எத்தனை லிட்டர் டீசல், அந்த டீசலை யார் வாங்கி எங்கே வைப்பது. தொட்டியறைச் சாவி யாரிடம், அவர் ஊரில் இல்லாவிட்டால் இன்னொரு சாவி யாரிடம். இன்சுலின் குளிரில் வைத்திருக்கும் வீடு எது, ஆக்ஸிஜன் கருவியில் மூச்சுவிடும் முதியவர் எந்தத் தெருவில். வீட்டு ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் மெயினை அணைத்துவிட்டுத்தான் போடுவோம் என்று லைன்மேன் முன்னிலையில் உறுதி சொல்லட்டும். பிறகு ஒரு நாள், மழை தொடங்கும் முன், மோட்டாரின் மின் இணைப்பை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, அந்த ஜெனரேட்டரை உண்மையிலேயே இழுத்து வந்து தொட்டியை நிரப்பிப் பாருங்கள். ஒயர் எட்டவில்லை, பிளக் பொருந்தவில்லை, டீசல் பழசாகிவிட்டது என்பதெல்லாம் அன்றைக்கே தெரியட்டும்.